எழுபது வளைவும் ஒரு பிடி சாமையும்

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போகும் பேருந்து காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டியதும், அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் மெல்ல அமைதியாகிவிடுவார்கள். காரணம், காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 70. வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் பத்தை நாம் எண்ணுவோம். முப்பதுக்கு மேல் நம் வயிறு எண்ணத் தொடங்கிவிடும். விவரம் தெரிந்த மலைக்காரர்கள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

இந்த வளைவுகளை எல்லாம் கடந்து மேலே போனதற்கு ஒரு கேள்விதான் காரணம். 'சிறுதானியத்தில் சத்துமாவு போடலாமா, பிஸ்கட் போடலாமா, எதில் லாபம்?' என்று வாசகர்கள் விடாமல் கேட்கிறார்கள். கடையில் பளபளக்கும் பாக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதைவிட, அந்தத் தானியம் பாக்கெட்டுக்குள் போவதற்கு முன்பு எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது என்று தோன்றியது.

ஓரியின் மலையில் கிழங்கின் ஆட்சி

சோளக்காடு வந்ததும் காற்று மாறுகிறது. பலாவும் அன்னாசியும் மலைவாழையும் மிளகும் விற்கும் சந்தை இங்கேதான். அடுத்து செம்மேடு. வில்லும் கையுமாக வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். ஒரே அம்பில் வரிசையாகப் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று அவனுக்குப் பெயர். இந்தக் காலத்து சத்துமாவு நிறுவனங்களும் ஓரியின் வாரிசுகள்தான். ஒரே பாக்கெட்டில் இருபத்தொரு தானியத்தை அடித்துவிடுகிறார்கள்.

சுற்றுலா வருபவர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும், படிக்கட்டில் கால் கடுக்க இறங்கி ஆகாய கங்கை அருவிக்கும் போகிறார்கள். நான் ஊர்ப்பக்கம் திரும்பினேன். இங்கே ஊர்த்தொகுதிகளை 'நாடு' என்றே சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஒரு மலைக்குள் பல நாடுகள். பாஸ்போர்ட் தேவையில்லை, நல்ல செருப்பு இருந்தால் போதும்.

சரிவுகளில் கண்ணுக்கு எட்டிய வரை தெரிவது சாமையோ தினையோ அல்ல. குச்சிக்கிழங்கு என்று இங்கே சொல்லும் மரவள்ளி. மலைக்குக் கீழே நாமக்கல், சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றதால் சேலத்தில் வேர்பிடித்த தொழில் அது. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வாங்க ஆள் இருக்கும் பயிர் மலையேறாமல் இருக்குமா?

வரப்பில் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் இரண்டு பயிருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "சாமை போட்டா வயிறு நெறையுங்க, கிழங்கு போட்டா பை நெறையும். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போறது பையிலதானே?"

அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அவரே அடுத்த மூச்சில் சொன்னார். "கிழங்கு புடுங்கின காடு மழைக்கு அப்படியே கரைஞ்சு ஓடுதுங்க. சாமைக்காடுன்னா வேர் மண்ணைப் பிடிச்சுக்கும், வைக்கோலும் மாட்டுக்கு ஆகும். கிழங்குத்தழையை மாடு மேய்ஞ்சா உசுருக்கே ஆபத்து."

அவர் சொன்னது சரிதான். பச்சை மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வெட்டி வாடவிடாமல் கால்நடைக்குப் போடக் கூடாது.

உலக்கைக்கு யார் கை கொடுப்பது?

சாமை ஏன் பின்வாங்கியது என்பதற்கு விலை பாதிக் காரணம். மீதிக் காரணம் ஒரு வீட்டுத் திண்ணையின் ஓரத்தில், கோழி உட்காரும் இடமாகக் கிடந்தது. கல்லுரல்.

அந்த வீட்டு ஆயாவிடம், "எத்தனை நாளாச்சு ஆயா இதுல குத்தி?" என்று கேட்டேன்.

"என் மருமக வந்ததுல இருந்து தம்பி" என்றார். உள்ளே இருந்து மருமகளின் குரல் வந்தது. "ஆமா, நான் வந்ததும் நிறுத்தியாச்சு. நீங்க குத்தின குத்துல உங்களுக்கு இன்னிக்கும் தோள் தூக்க முடியல. அதையும் தம்பிகிட்ட சொல்லுங்க."

ஆயா சிரித்துக்கொண்டே தோளைத் தடவிக்கொண்டார்.

இங்கேதான் கேழ்வரகுக்கும் சாமைக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கேழ்வரகு, கம்பு, சோளம் மூன்றும் அடித்துத் தூற்றினாலே தானியம் தனியாக வந்துவிடும். நேராகத் திருவைக்கோ மாவு மில்லுக்கோ கொண்டுபோகலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவை நெல்லைப் போல உமிச்சட்டை போட்டவை. சட்டையைக் கழற்றினால்தான் அரிசி. வரகு இன்னும் பிடிவாதம். ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை போட்டிருக்கும். கடுகு அளவு தானியத்துக்கு உடையாமல் சட்டை கழற்றுவது எவ்வளவு பாடு என்று உலக்கை பிடித்த கைக்குத்தான் தெரியும். அந்தக் கை எப்போதும் பெண்களுடைய கையாகவே இருந்தது. நெல்லுக்கு ஊர் ஊராக மில் வந்தது. சாமைக்கு வரவில்லை. ரேஷன் அரிசி வந்தது. சாமை சோற்றுப்பானையில் இருந்து இறங்கிவிட்டது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலைக்கு வந்து சிறுதானியங்களுக்காக வேலை செய்யத் தொடங்கியபோது, விதையைக் காப்பதோடு நிற்காமல் உமி நீக்கும் இயந்திரங்களையும் மாவு அரைக்கும் இயந்திரங்களையும் குழுக்களின் கைக்குக் கொண்டுவந்தது இதனால்தான். சாமையில் சடஞ்சாமை, மல்லிசாமை, பெருஞ்சாமை; தினையில் செந்தினை, பெருந்தினை; கேழ்வரகில் சட்டைக் கேழ்வரகு என இந்த மலையில் ரகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சாப்பிட ஆள் இல்லாத ரகத்தை எத்தனை நாளைக்கு விதைப்பானையில் மட்டும் வைத்துக் காப்பாற்றுவது? விதையைக் காப்பதற்குச் சுருக்கமான வழி, அதைச் சமைத்துச் சாப்பிடுவது.

உமி நீக்கும் மில் ஒன்றையும் பார்த்தேன். வேகமாகச் சுழலும் விசிறி போன்ற பாகம் தானியத்தை வீசி எறிகிறது. அது பக்கச் சுவரில் மோதி உமி விட்டுப்போகிறது. ஊதும் காற்றில் உமி ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். ஆயா ஒரு நாள் முழுக்கக் குத்தியதை, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தள்ளிவிடுகிறது. மருமகள்கள் சார்பில் அந்த மெஷினுக்கு ஒரு மாலை போடலாம்.

பாக்கெட்டின் பின்பக்கம் ஒரு புராணம்

மலையில் வாங்கிய சாமை அரிசியையும், கீழே கடையில் வாங்கிவந்த 'சிறுதானிய' பிஸ்கட் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பையில் இருந்த சாமைக்குப் பொருள் பட்டியல் தேவைப்படவில்லை. சாமை என்றால் சாமை. பிஸ்கட்டின் பின்பக்கம் மட்டும் ஒரு சிறு புராணம்.

அதைப் படிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். அடுத்தடுத்து இறங்குமுகமாக எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கம் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பின்பக்கம் முதலில் மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் நின்று, சாமை ஏழாவது ஆளாக எட்டிப் பார்த்தால், அது சாமையைத் தொட்டுக்கொண்ட மைதா பிஸ்கட். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட உறவினர் எல்லோரும் பந்தி பரிமாற வருவதில்லை அல்லவா, அதுபோல.

அடுத்து எண்கள். ஐ.என்.எஸ். 500 என்று பார்த்ததும் பலர் ரசாயனம் என்று பயப்படுகிறார்கள். அந்த வரிசையில் இருக்கும் சோடியம் பைகார்பனேட்தான் நம் வீட்டு ஆப்ப சோடா. 412 என்பது கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பசை, கூழைக் கெட்டிப்படுத்தும். 330 என்பது எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலம். 100 என்பது மஞ்சளின் நிறம். எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், 'இயற்கை' என்ற சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டாம். வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் கடைசியில் சர்க்கரைதான்.

'மால்ட்டோடெக்ஸ்ட்ரின்' என்ற பெயரைப் பல சத்துபான மாவுகளில் பார்க்கலாம். மக்காச்சோளம் அல்லது மரவள்ளியின் மாவுப்பொருளை உடைத்துச் செய்வது அது. விலை குறைவு, கரைவது சுலபம், பாக்கெட்டை நிறைக்கும்; ரத்தச் சர்க்கரையையும் சடாரென ஏற்றும். ஆக, லாரி ஏறிக் கீழே போன குச்சிக்கிழங்கு, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு, 'ஆரோக்கியம்' என்று எழுதிய டப்பாவில் உட்கார்ந்து மறுபடியும் 70 வளைவு ஏறி மலைக்கடைக்கே வர வாய்ப்பு இருக்கிறது. கிழங்கு விற்ற கையே அதைக் காசு கொடுத்து வாங்கும்.

எதில் எது இருக்கிறது?

சிறுதானியத்தை எல்லா நோய்க்கும் மருந்தாக்கிப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 364 மில்லிகிராம். நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் கால்சியம் 7 மில்லிகிராம் அளவுதான். நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகு கெட்டிக்காரத் தானியம், சந்தேகமில்லை.

சாமையில் கால்சியம் சுமார் 16 மில்லிகிராம் மட்டுமே. அதன் பலம் வேறு. நார்ச்சத்து 7 கிராமுக்கு மேல், புரதம் 10 கிராம். சாமையின் இரும்புச் சத்து 9.3 மில்லிகிராம் என்று பழைய அட்டவணையில் இருந்ததைத்தான் இன்றும் பாக்கெட்டுகளிலும் மேடைகளிலும் சொல்கிறார்கள். புதிய அட்டவணையில் அது 1.3 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. எனவே, ரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சாமைச்சோறு மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். கூடவே கீரை, பயறு, முட்டை, ஒரு துண்டு எலுமிச்சை எல்லாம் வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது.

இன்னொன்று, நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டில் இருக்கிறது. உமி நீக்கியதோடு நிறுத்திய சாமை பழுப்பு கலந்து மங்கலாக இருக்கும். பார்வைக்காக வெள்ளை வெளேர் என்று தீட்டினால், நெல்லுக்குச் செய்த அதே தவற்றைச் சாமைக்கும் செய்கிறோம். அதேபோல, மாவு எவ்வளவு நைசாகிறதோ அவ்வளவு வேகமாகச் செரித்து சர்க்கரையாகும். முழு அரிசிச் சோறு, குருணை உப்புமா, ரவை, நைசு மாவு என்று போகப் போக ஆரோக்கியம் ஒவ்வொரு படியாக இறங்கும்.

சமையற்கட்டு ஆராய்ச்சி நிலையம்

மலையில் ஒரு மகளிர் குழுவினர் புதுப் பண்டம் செய்து பார்க்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். கோட்டு போட்ட விஞ்ஞானிகள் இல்லை. ஆளுக்கொரு கருத்து மட்டும் இருந்தது. தினை அதிரசம் அருமை. கேழ்வரகு முறுக்கு நன்றாக வந்தது. பாதி அடுப்பில் இருக்கும்போதே மீதி தீர்ந்துவிட்டதால் முழு மதிப்பீடு செய்ய முடியவில்லை. சாமை பிஸ்கட் தொட்டதும் உதிர்ந்தது.

"இதை பிஸ்கட்னு விக்க வேணாம்டி, சத்துமாவுன்னு வித்துரலாம்" என்று ஒரு அக்கா சொன்னதும் அடுப்படியே குலுங்கியது.

உதிர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைப்புரதம் சிறுதானியங்களில் இல்லை. பரோட்டா மாவு இழுபடுவதும் ரொட்டி உப்புவதும் அதனால்தான். அது இல்லாத மாவை பிஸ்கட்டாக நிற்கவைக்க மைதாவோ, பசையோ, நிறைய கொழுப்போ சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆரோக்கியத்துக்காகத் தொடங்கி, அதையே கரைத்துவிடும் வேலை அது. நம் பாட்டிகள் சிறுதானியத்தைக் களி, கூழ், இட்லி, தோசை, பொங்கல், புட்டு, முறுக்கு என்று பிசைந்தோ, வேகவைத்தோ, பொரித்தோ செய்ததற்கும், பரோட்டாவாக வீசாததற்கும் இதுதான் காரணம். பொங்கி வழியும் பன்னுக்கு ஆசைப்படாமல், அந்தத் தானியத்துக்கு இயல்பாக வருவதைச் செய்தால் பாதித் தோல்வி குறையும்.

அதே அடுப்படியில் பார்த்த இன்னொரு பழைய தொழில்நுட்பம் முளைகட்டிய கேழ்வரகு மாவு. ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, லேசாக வறுத்து அரைக்கிறார்கள். முளைக்கும்போது உருவாகும் நொதி மாவுப்பொருளை உடைப்பதால் கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்து வரும். குழந்தைக்குக் கொடுக்கும் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம், சத்தும் கூடும். டின்னில் வரும் எத்தனையோ புதுமைகளுக்கு இது அக்கா.

ஆனால், அந்தப் பெண்கள் சிரித்து முடித்ததும் கேட்டது ஒரே கேள்வி. "வாங்க ஆள் வருவாங்களா?"

2018-ஐ நாட்டின் சிறுதானிய ஆண்டாகவும், 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடிவிட்டோம். நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023-ல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது இந்தக் கேள்விக்கு ஓர் உருப்படியான பதில். விழா முடிந்தாலும் மாதாமாதம் வாங்கும் கை இருந்தால்தான் சரிவில் சாமை நிற்கும்.

வாசகர் கேள்விகளுக்கு...

கேள்வி: ஒரு ஏக்கரில் சாமை விளைவிக்கிறேன். அப்படியே விற்பதா, அரிசியாக்கி விற்பதா?

பதில்: கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 100 கிலோ சாமையை உமி நீக்கினால் 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். உமியோடு கிலோ 40 ரூபாய்க்கு விலை போனால் 100 கிலோவுக்கு 4,000 ரூபாய். மில் கூலி 500, கல் பொறுக்க, சுத்தம் செய்ய, பைக்கு 300 என்றால் மொத்தம் 4,800. அரிசி 60 கிலோதான் தேறியது என்றால் கிலோ 80 ரூபாய்க்குக் கீழே விற்றால் கைநட்டம். உங்கள் ஊர் விலையையும் கூலியையும் இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு தொகையைச் சேருங்கள்.

கேள்வி: முதல் பொருளாக எதைச் செய்யலாம்? சத்துமாவா?

பதில்: கல் இல்லாத, தீட்டாத அரிசிதான் முதல் பொருள். வாடிக்கையாளர் திரும்ப வராமல் போவதற்குப் பெரிய காரணம் சுவை அல்ல. பல்லில் கடிபடும் கல். அடுத்து ரவை, பிறகு முளைகட்டிய கேழ்வரகு மாவு. தின்பண்டம் கடைசியில் இருக்கட்டும். இருபத்தொரு தானியம் வேண்டாம், நான்கு போதும். விற்பனையைத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு தொழிலுக்கு உரிமத்தைவிட எளிமையான பதிவு முறை உண்டு.

கேள்வி: அரிசியாக்கி வைத்தால் ஒரு மாதிரி வாடை வருகிறதே?

பதில்: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் வரும் காறல் வாடை அது. உமியோடு இருக்கும் சாமை நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக் கணக்கில் கெடாது. அதனால் மொத்தத்தையும் ஒரே நாளில் அரைக்காதீர்கள். ஆர்டர் வர வர உமி நீக்குங்கள். கம்பு மாவுக்கு இது இன்னும் பொருந்தும். அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: விளைந்ததை எல்லாம் விற்றுவிடலாமா, வீட்டுக்கும் வைப்பதா?

பதில்: விதைக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு, மீதி சந்தைக்கு. வீட்டுப் பங்கை மட்டும் குறைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடாத பொருளை அடுத்தவர் பிள்ளைக்கு விற்பது கடினம். ருசி சரியில்லை என்றால் வாடிக்கையாளர் சொல்லாமல் கடை மாறிவிடுவார். வீட்டுப் பிள்ளை தட்டைத் தள்ளிவைத்து அப்போதே சொல்லிவிடும். கட்டணம் கேட்காத பரிசோதனைக்கூடம் அது.